எடோ கால ஜப்பானின் இலட்சிய உலகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடோ காலம் என்பது எது? அப்போது இலட்சிய உலகம் பற்றிப் பேசியவர்கள் யார்?

1603இல் டோக்குகாவா இயேயாசு ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) பட்டம் ஏற்றதில் தொடங்கி 1868இல் மெய்ஜி ஆட்சி வரும்வரை உள்ள காலம். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. பேரரசர் கியோட்டோவில் பெயரளவுக்கு இருந்தார். அதிகாரம் ஷோகனிடம் இருந்தது. அவருக்குக் கீழே இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசர்கள்.

பேசியவர்கள் பட்டியல்தான் சுவாரசியம். ஒரு கிராமத்து வைத்தியர், ஒரு எண்ணெய் வியாபாரி, ஒரு கணித ஆசிரியர், சில நகைச்சுவைக் கதாசிரியர்கள், பெயர் தெரியாத ஏராளமான விவசாயிகள். அரசியல் தத்துவம் எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்கள் இவர்களில் குறைவு.

இரண்டரை நூற்றாண்டு போரில்லாமல் இருந்த நாடு. அங்கே வேறு உலகம் பற்றிக் கனவு காண என்ன அவசியம்?

போர் இல்லை, சரி. ஆனால் சோறு? அன்றைய பொருளாதாரமே அரிசிக் கணக்கில்தான் ஓடியது. ஒரு சிற்றரசின் மதிப்பை 'கொக்கு' என்ற அளவையில் சொல்வார்கள். ஒரு கொக்கு ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி. ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடப் போதும் என்பது கணக்கு. போர்வீரர் குலமான சாமுராய்களுக்குச் சம்பளம் அரிசி. விவசாயி வரி கட்டுவது அரிசியில். விளைவித்தவன் வீட்டில் தினையும் சோளமும், விளைவிக்காதவன் வீட்டில் வெள்ளைச் சோறு என்ற நிலை பல ஊர்களில் இருந்தது.

இதன் மேல் பஞ்சங்கள். 1732இல் மேற்கு ஜப்பானில் பயிர்ப் பூச்சியால் வந்த கியோஹோ பஞ்சம், 1780களில் தென்மெய் பஞ்சம், 1830களில் தென்போ பஞ்சம் ஆகிய மூன்றும் மிகப் பெரியவை. அக்காலத்து இலட்சிய உலகக் கனவு எதை எடுத்தாலும் அதன் அடியில் 'யார் உழுகிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள்' என்ற கேள்வி கிடக்கும்.

'யுட்டோப்பியா' என்ற கற்பனை இலட்சிய நாட்டைப் பற்றி இங்கிலாந்தின் தாமஸ் மோர் எழுதியது போல ஒரே நூலாக ஏன் யாரும் எழுதவில்லை?

எழுதி அச்சிட்டால் கைவிலங்கு வரும் என்பது முக்கியக் காரணம். 1722இல் வந்த பதிப்பு ஆணைப்படி ஒவ்வொரு நூலின் கடைசியிலும் எழுதியவர், பதிப்பித்தவர் பெயர்கள் இருந்தாக வேண்டும். டோக்குகாவா வம்சத்தைப் பற்றி எழுதக் கூடாது. 1790இல் கெடுபிடி இன்னும் இறுகியது. கடலோரப் பாதுகாப்பு பற்றி எழுதிய ஹயாஷி ஷிஹெய்யின் அச்சுப் பலகைகளை 1792இல் பறிமுதல் செய்து அவரையும் வீட்டுக் காவலில் வைத்தார்கள்.

அதனால் ஆட்சியை நேராகக் குறை சொல்லும் எழுத்து, கையெழுத்துப் பிரதியாகப் பெட்டிக்குள் போனது. மற்றதெல்லாம் வேடம் போட்டுக்கொண்டு வந்தது: பழங்காலப் புகழ்ச்சியாக, தூரத்துத் தீவுக் கதையாக, மலை வழிபாடாக. மோரின் நூல் ஜப்பானிய மொழிக்கு வந்ததே 1882இல்தான்.

ஆந்தோ ஷோஎக்கி யார்? ஏன் எல்லோரும் அவரிடமிருந்தே தொடங்குகிறார்கள்?

1703இல் வடக்கே இன்றைய அகிதா மாகாணத்து நியிதா கிராமத்தில் பிறந்தவர். பசிபிக் கரையில் உள்ள ஹச்சினோஹெ என்ற கோட்டை ஊரில் வைத்தியம் பார்த்தார். கடைசியில் சொந்த ஊருக்கே திரும்பி 1762இல் இறந்தார். வாழ்ந்த காலத்தில் எடோவில் அவரை யாருக்கும் தெரியாது.

ஹச்சினோஹெயில் அவர் இருந்தபோது, 1749இல், 'காட்டுப்பன்றிப் பஞ்சம்' வந்தது. எடோ சந்தைக்கு சோயா பயறு அனுப்பினால் காசு என்பதால் மலைச்சரிவுகளை எரித்துப் பயிரிட்டார்கள். நிலம் களைத்ததும் தரிசாக விட்டார்கள். அங்கே கிழங்கும் வேரும் மண்டின, பன்றிகள் பெருகின, கீழே இறங்கி வயல்களைத் தின்றன. எங்கோ இருக்கும் நகரத்தின் பசிக்கு விளைவித்த ஊர், தானே பட்டினி கிடந்து செத்தது. ஒரு வைத்தியர் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நோய்க்குக் காரணம் உடம்பில் மட்டும் இல்லை என்று தோன்றாமல் போகுமா?

அவருடைய பெரிய நூல் 'ஷிஸென் ஷின்எய்தோ'. இயற்கை உண்மையாக இயங்கும் வழி என்று பொருள் கொள்ளலாம். 1753இல் மூன்று தொகுதிகள் அச்சில் வந்தன, காரம் குறைத்து. முழு வடிவம் நூறு அத்தியாயத்துக்கு மேல் போகும் கையெழுத்துப் பிரதி. அதில் எவரையும் விட்டுவைக்கவில்லை. புத்தர், கன்பூசியஸ், லாவோட்சு, சீனத்துப் புனித அரசர்கள் எல்லோருமே அவர் கணக்கில் திருடர்கள்தான். உழாமல் தின்றதும், அதற்கு நியாயம் எழுதி வைத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். எடோ கால எழுத்தில் இவ்வளவு பச்சையாகத் திட்டிய இன்னொருவரை நான் படித்ததில்லை.

அவர் சொன்ன உலகம் எப்படி இருக்கும்?

எல்லோரும் தன் கையால் உழ வேண்டும், இதுதான் அஸ்திவாரம். சமவெளியில் இருப்பவர்கள் தானியம் விளைவிக்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் விறகும் மரமும் வெட்டிச் சமவெளிக்குக் கொண்டுவருகிறார்கள். கடற்கரையில் இருப்பவர்கள் மீன் கொண்டுவருகிறார்கள். மாற்றிக்கொள்கிறார்கள். மலைக்காரனுக்கும் மீன் குழம்பு, மீனவனுக்கும் சோறும் வீடும் கிடைக்கும். எங்கும் மிச்சம் சேராது, எங்கும் குறையும் வராது. நாணயம் இல்லை. தங்கம் வெள்ளியைத் தோண்டுவதே பூமிக்குச் செய்யும் கேடு என்பார். மேலோர் கீழோர் என்று யாரும் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் ஒரு மனிதன். எனவே ஒருவனுக்கு ஒருத்தி, வைப்பாட்டிகளும் தாசி வீதிகளும் கூடாது.

இதை 'இயற்கை உலகம்' என்றார். இப்போது இருப்பது 'சட்ட உலகம்'. யாரோ சிலர் தங்கள் வசதிக்குச் செய்த சட்டங்களால் ஆனது. இந்த இரண்டாவதைக் கிண்டல் செய்ய ஒரு கதையே எழுதியிருக்கிறார். பறவைகள், விலங்குகள், பூச்சிகள், மீன்கள் தனித்தனியே கூட்டம் போட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுகின்றன. பறவைக் கூட்டத்தில் கழுகு சொல்கிறது: பெரியது சின்னதைத் தின்பது எங்களுக்கு இயல்பு. மனிதர்களுக்கு அது இயல்பே இல்லை, இருந்தும் எங்களைப் பார்த்து அரசன், பிரபு, அதிகாரி என்று அடுக்கடுக்காக வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தின்கிறார்கள். கடைசியில் அந்த ஜீவன்கள் எல்லாம், 'நாமே தேவலை' என்று நிம்மதி அடைகின்றன.

வெறும் கனவுதானா, இல்லை போய்ச் சேர வழி சொன்னாரா?

வழி சொன்னார், அதனால்தான் அவரை வெறும் புலம்பல்காரர் என்று ஒதுக்க முடியவில்லை. அரசனை உடனே ஒழிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எனவே இடைக்கால ஏற்பாடு ஒன்று வைத்தார். மேலே ஒருவர் இருக்கட்டும். ஆனால் அவருக்கென்று அளவு போட்ட நிலம், அதை அவர் வீட்டாரே உழ வேண்டும். சிற்றரசர்களுக்கும் அப்படியே. பிட்சுகள், பண்டிதர்கள், கூத்தாடிகள் எல்லோருக்கும் நிலம் கொடுத்து ஏர் பிடிக்கச் சொல்ல வேண்டும். தப்பு செய்தால் அரசாங்கம் தண்டிக்காது. வீட்டாரும் உறவினரும் அவனுக்குச் சோற்றை நிறுத்துவார்கள். பசி புத்தி சொல்லும்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. பாட்டும் கதையும் தேநீர்க்கூடமும் இல்லாத ஊர் அது. எல்லோரும் உழுகிறார்கள், எல்லோரும் நல்லவர்கள், யாருக்கும் மாலையில் போக இடமில்லை. சோற்றை நிறுத்தும் உறவினர் கூட்டம் அரசாங்கத்தைவிட இளகிய மனதோடு இருக்கும் என்று அவர் எப்படி நம்பினாரோ!

அவர் எழுத்து எப்படி நம் கைக்கு வந்தது?

1899 வாக்கில் கானோ கோகிச்சி என்ற கல்வியாளர் கையில் அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. படித்துவிட்டு, எழுதியவர் பைத்தியமோ என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகுதான் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. 1923இல் அது டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. அதே வருடம் செப்டம்பர் 1 பெரும் பூகம்பத்தில் நூலகம் எரிந்தது. யாரோ இரவல் வாங்கிப் போயிருந்த 12 தொகுதிகள் மட்டும் பிழைத்தன. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர்களை இனி திட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

1949இல் கனடா நாட்டுத் தூதரக அதிகாரி ஈ. ஹெச். நார்மன் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதிய பிறகு, போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஷோஎக்கி திடீரென்று பிரபலமானார். ஜனநாயகத்துக்கு உள்ளூர் மூதாதை ஒருவர் தேவைப்பட்ட நேரம் அது.

பழங்காலமே பொற்காலம் என்று சொன்னவர்கள் உண்டா?

பெரும்பாலான பண்டிதர்கள் அந்தக் கட்சிதான். ஓக்யூ சொராய் (1666–1728) சீனத்துப் பழைய அரசர்கள் வகுத்த முறைகளை அளவுகோலாக வைத்தார். சாமுராய்கள் கோட்டை ஊர்களில் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கர்கள் போல வாழ்கிறார்கள், அவர்களைத் திரும்பக் கிராமத்துக்கே அனுப்புங்கள் என்று ஷோகனுக்கு எழுதிக் கொடுத்தார். காமோ நோ மாபுச்சி (1697–1769) இதற்கு நேர் எதிர்: சீனப் படிப்பு வருவதற்கு முன் ஜப்பானியர் மனம் நேராக இருந்தது, சட்டம் தேவைப்படவில்லை, படிப்பு வந்துதான் கெடுத்தது என்றார்.

இருவருமே பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆனால் வேறு வேறு திசையில். மாபுச்சியின் பழங்காலம் கவிதைக்கு அழகு. ஆட்சி நடத்த அதிலிருந்து எதை எடுப்பது என்று எனக்குப் புரிந்ததில்லை.

கதைகளில் வரும் அதிசயத் தீவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாக. கடலுக்கு அப்பால் சாவில்லாத ஹோராய் தீவு, பெண்கள் மட்டுமே வாழும் தீவு என்பதெல்லாம் மிகப் பழைய நம்பிக்கைகள். ஜப்பானியர் நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்று 1630களில் சட்டம் வந்த பிறகு இந்தத் தீவுகளுக்குத் தனிக் கவர்ச்சி வந்தது. போக முடியாத இடத்துக்குக் கதையில் போனார்கள்.

1682இல் வந்த இஹாரா சைக்காக்குவின் முதல் நாவலில், காதலே வாழ்க்கையாகத் திரிந்த யோனொசுகே அறுபது வயதில் நண்பர்கள் ஏழு பேரோடு கப்பல் ஏறிப் பெண்கள் தீவைத் தேடிப் போகிறான். கதை அங்கேயே முடிகிறது. போய்ச் சேர்ந்தானா என்று சைக்காக்கு சொல்லவில்லை.

அந்தத் தீவில் என்ன ஆகும் என்பதை ஹிராகா கென்னாய் 1763இல் வேறொரு கதையில் சொன்னார். கென்னாய் மூலிகை ஆராய்ச்சி, சுரங்கம், மின்சாரப் பெட்டி என்று எதையும் விட்டுவைக்காத ஆள். அவர் நாயகனுக்கு ஒரு முனிவர் இறகு விசிறி தருகிறார்; அதில் ஏறி இராட்சதர் நாடு, குள்ளர் நாடு, நெடுங்கால் நாடு என்று சுற்றுகிறான். மார்பில் ஓட்டை உள்ளவர்கள் நாட்டில், பெரிய மனிதர்களை ஓட்டை வழியாகக் கம்பு செருகித் தூக்கிப் போவார்கள், பல்லக்குச் செலவு மிச்சம்! நாயகனின் அழகைப் பார்த்து இளவரசிக்கு மணம் முடித்து அவனை அரசனாக்க ஏற்பாடு நடக்கிறது. உடை மாற்றும்போதுதான் தெரிகிறது, அவன் மார்பில் ஓட்டை இல்லை. 'ஐயோ, ஊனம்!' என்று விரட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் அவனும் சீனர்கள் நூறு பேரும் புயலில் பெண்கள் தீவில் ஒதுங்குகிறார்கள். ஆண்கள் கனவு கண்ட சொர்க்கம் கைக்கு வந்துவிட்டது. என்ன ஆகிறது? எடோவின் யோஷிவாரா தாசி வீதியைப் போலவே அங்கும் வீதி அமைகிறது, ஆண்கள் கூண்டுக்குள் உட்கார்ந்து விலைபோகிறார்கள். வாடிக்கையாளர் கூட்டம் தாங்காமல் நூறு பேரும் நோயில் விழுந்து சாகிறார்கள். சொர்க்கத்தில் தான் எந்தப் பக்கம் நிற்போம் என்று கனவு காண்பவன் யோசிப்பதில்லை, கென்னாய் யோசித்திருக்கிறார்.

1774இல் வந்த 'வாசொபியோஎ' இன்னொன்று. நாகசாகி வியாபாரி ஒருவன் கடலில் அடித்துச் செல்லப்பட்டு, மூப்பும் சாவும் இல்லாத நாட்டில் கரை சேர்கிறான். அங்கே எல்லோரும் சாவுக்காக ஏங்குகிறார்கள். நோயாளியைக் கண்டால் பொறாமை. அவனும் கொஞ்ச காலத்தில் சலித்துப் போய்க் கிளம்பி, எல்லாம் நினைத்தபடி கிடைக்கும் நாடு, பழசையே கொண்டாடும் நாடு என்று போய்க்கொண்டே இருக்கிறான். எங்கும் திருப்தியில்லை.

சிரிப்புக் கதைகளில் அரசியல் இருந்ததா?

நிறைய. 1787இல் மாட்சுதைரா சதனொபு தலைமை அமைச்சராகி ஒழுக்கச் சீர்திருத்தம் தொடங்கினார்: சிக்கனம், கன்பூசிய நூல் படிப்பு, ஆடம்பரத் தடை. இரண்டு வருடத்தில் சாந்தோ கியோதென் ஒரு படக்கதை வெளியிட்டார். அதில் சீர்திருத்தம் நூற்றுக்கு நூறு வெற்றி! பிச்சைக்காரர்கள்கூட கன்பூசிய நூல்களை ஒப்பிக்கிறார்கள். யாருக்கும் காசு வேண்டாம்; இருக்கும் காசை அடுத்தவர் தலையில் கட்டத் துடிக்கிறார்கள். இருட்டுச் சந்தில் வழிப்பறிக்காரன் பாய்ந்து வந்து, தன் துணியைக் கழற்றி வழிப்போக்கனுக்கு வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டு ஓடுகிறான்.

இதைப் புகழ்ச்சி என்றும் வாதாடலாம், அங்கேதான் சாமர்த்தியம். ஆனால் எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அதே 1789இல் இதே சீர்திருத்தத்தைக் கிண்டல் செய்த கொய்காவா ஹருமாச்சிக்கு அதிகாரிகளிடமிருந்து அழைப்பாணை வந்தது. உடல்நிலை சரியில்லை என்று போகவில்லை. சில மாதங்களில் இறந்துவிட்டார். கியோதென்னே 1791இல் வேறு புத்தகங்களுக்காக ஐம்பது நாள் கைவிலங்கோடு வீட்டில் கிடந்தார்.

சாதாரண மக்களின் கனவு எங்கே இருந்தது?

மலையில். பௌத்தத்தில் இனி வரப்போகும் புத்தர் மைத்ரேயர், ஜப்பானில் மிரோகு. அவர் வர 567 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது அங்குள்ள கணக்கு. அவ்வளவு நாள் யார் காத்திருப்பது? எடோவில் எண்ணெய் விற்றுப் பிழைத்த ஜிகிக்யோ மிரோகு (1671–1733), அந்த உலகம் இப்போதே தொடங்குகிறது என்றார். ஃபூஜி மலைதான் அவருக்குத் தெய்வம்.

1733 தொடக்கத்தில், பஞ்சத்தால் அரிசி விலை ஏறி, எடோ மக்கள் ஒரு பெரிய அரிசி வியாபாரியின் வீட்டை அடித்து நொறுக்கினார்கள். ஜிகிக்யோ பல வருடம் கழித்து மலையில் உயிர்விடுவதாக இருந்தார். இதைப் பார்த்ததும் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோடையில் ஃபூஜியில் ஒரு பாறையடியில் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து உண்ணாமல் இருந்தார். 31 நாள் அவர் சொன்னதையெல்லாம் சீடர் ஒருவர் எழுதி வைத்தார். அரிசிதான் உண்மையான போதிசத்துவர், அவரவர் தொழிலை ஒழுங்காகச் செய்வதே வழிபாடு, பெண் அசுத்தம் இல்லை, ஆணைப் போலவே அவளும் மனிதப் பிறவி. அரிசியைப் பதுக்கியவர்கள் ஊரில், அரிசியே தெய்வம் என்று சொல்லிவிட்டு ஒருவர் பட்டினி கிடந்து இறக்கிறார். இதைவிடக் கூர்மையான அரசியல் விமர்சனம் என்ன இருக்க முடியும்?

அவர் பின்னால் வந்த ஃபூஜி பக்தர் குழுக்கள் எடோவெங்கும் பரவின. அரசு திரும்பத் திரும்பத் தடை போட்டும் நிற்கவில்லை. மலைக்குப் போக முடியாதவர்களுக்காக ஊருக்குள்ளேயே குட்டி ஃபூஜி மேடுகள் கட்டினார்கள். அந்த வழியில் வந்த கொதானி சன்ஷியின் குழுவைச் சேர்ந்த தகயாமா தத்சு என்ற பெண், பெண்கள் ஏறக் கூடாது என்றிருந்த ஃபூஜி சிகரத்தை 1832இல் ஆண் வேடத்தில் ஏறிவிட்டார்.

'யோநவோஷி' என்று அடிக்கடி படிக்கிறோமே, அது என்ன?

உலகைச் சீர்செய்வது. 1784இல் சானோ என்ற சாமுராய், மக்களுக்குப் பிடிக்காத அமைச்சர் தானுமாவின் மகனைக் கோட்டைக்குள்ளேயே வெட்டினார். தற்செயலாக அரிசி விலையும் இறங்கியது. தற்கொலைத் தண்டனை பெற்ற சானோவை மக்கள் 'உலகைச் சீர்செய்த பெருந்தெய்வம்' என்று கும்பிட்டார்கள்.

1855இல் எடோவைப் பூகம்பம் உலுக்கியபோது இந்தச் சொல் படமாகவே வந்தது. பூமிக்கடியில் உள்ள பெரிய கெளுத்தி மீன் அசைவதால்தான் நிலம் நடுங்கும் என்பது நம்பிக்கை. பூகம்பத்துக்குப் பின் கெளுத்திப் படங்கள் அனுமதியில்லாமல் அச்சாகி விற்றுத் தீர்ந்தன. ஒன்றில் பணக்காரர்கள் பொற்காசை வாந்தி எடுக்க, தச்சர்களும் கொத்தனார்களும் பொறுக்கிக்கொள்கிறார்கள். வீடு இடிந்தால் அவர்களுக்குத்தானே வேலை. 1866இல் பல மாகாணங்களில் இதே பெயரில் கிளர்ச்சிகள் வெடித்து, கடன் பத்திரங்கள் எரிந்தன.

வெளிநாடுகளை இலட்சிய நாடாகப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், போகாமலே. ஷோஎக்கியே ஹாலந்தைப் போரில்லாத நாடு என்றும் வடக்கே வாழ்ந்த ஐனு மக்களைக் கள்ளமற்றவர்கள் என்றும் புகழ்ந்தார். கணித ஆசிரியர் ஹோண்டா தோஷியாகி இதில் ஒரு படி மேல். தென்மெய் பஞ்சத்தில் வடக்கே மக்கள் செத்ததற்கு, இருக்கும் அரிசியைக் கொண்டுபோகக் கப்பல் இல்லாததே காரணம் என்பது அவர் வாதம். கப்பலும் வாணிபமும் அரசின் கையில் வர வேண்டும் என்று 1798இல் எழுதினார். ஐரோப்பாவைப் பற்றி டச்சு நூல்கள் வழியாகக் கேள்விப்பட்டதைக் கொண்டு ஒரு பொன்னுலகமே கட்டினார். லண்டன் இருக்கும் அட்சரேகையில் கம்சட்கா (ஜப்பானுக்கு வடக்கே, இன்றைய ரஷ்யாவில் உள்ள தீபகற்பம்) இருக்கிறது, ஆகவே தலைநகரை அங்கே மாற்றுங்கள் என்றும் சொன்னார்! கம்சட்காவின் குளிரை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும். இதையெல்லாம் அவர் அச்சிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1690களில் நாகசாகியில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த எங்கல்பர்ட் கெம்ஃபர், கதவை மூடிக்கொண்ட ஜப்பானைத்தான் மகிழ்ச்சியான நாடு என்று எழுதினார். அதை 1801இல் ஷிசுகி தடாவோ ஜப்பானிய மொழியில் பெயர்த்தார்.

இந்தக் கனவுகளில் ஆபத்தானவை உண்டா?

உண்டு. சாதோ நோபுஹிரோ (1769–1850) தீட்டிய நாட்டில் ஏழைக் குழந்தைகளை வளர்க்க அரசு இல்லங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் இருக்கின்றன. அதைப் படித்து நெகிழ்ந்தவர்கள் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். மக்கள் எல்லோரும் தொழில்வாரியாக எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றும் ஓர் அரசுத் துறையின் கீழ். ஒருவர் ஒரு தொழில்தான், மாறக் கூடாது. 1823இல் அவர் எழுதிய இன்னொரு நூலில், ஜப்பான் உலகத்துக்கே மூல நாடு, இன்றைய சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில் தொடங்கி மற்ற நாடுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும் என்று படையெடுப்புத் திட்டம் போட்டிருக்கிறார். 1930களிலும் போர்க்காலத்திலும் அவரைத் தீர்க்கதரிசி என்று தூக்கிப் பிடித்தார்கள். ஷோஎக்கி எழுதியது பெட்டியில் கிடந்த அதே நாட்டில், நோபுஹிரோ எழுதியதற்கு அரசாங்கத்திலேயே வாசகர்கள் கிடைத்தார்கள்.

1868க்குப் பிறகு இவையெல்லாம் என்ன ஆயின?

அதற்கு முந்தைய வருடம், 1867இல், வானத்திலிருந்து கோயில் தாயத்துகள் விழுகின்றன என்ற பேச்சு கிளம்பி, நகரம் நகரமாக மக்கள் 'ஏ ஜா நாய் கா' (இருந்துட்டுப் போகட்டுமே!) என்று பாடி ஆடினார்கள். ஆண் பெண் உடையிலும் பெண் ஆண் உடையிலும் ஆடினார்கள், பணக்காரர் வீட்டுக்குள் புகுந்து சாப்பிட்டார்கள். அடுத்த வருடம் புதிய அரசு வந்தது. 1873இல் நிலவரியை அரிசியிலிருந்து பணத்துக்கு மாற்றியது. உலகம் சீராகப் போகிறது என்று வரிக் குறைப்பை எதிர்பார்த்த விவசாயிகள் ஏமாந்தார்கள். 1876இல் மியே, இபராகி பகுதிகளில் பெருங்கிளர்ச்சி செய்தார்கள். அரசு இறங்கி வந்து, நிலமதிப்பில் நூற்றுக்கு 3 என்றிருந்த வரியை 1877இல் 2.5 ஆக்கியது.